முத்துப்பல்லு

ஊசியெல்லாம் எடுக்காதிய டாக்டரம்மா. மேல புடுங்குறதுக்கு ஒண்ணும் மிச்சமில்ல, போன மாசமே எல்லாத்தையும் நீங்கதான் வழிச்சு எடுத்துட்டிய. கீழ உள்ளதுக்கு இன்னும் நாள் இருக்குன்னு நீங்களே சொன்னிய. நான் வந்தது வேற சோலி. அந்தக் கதவ மட்டும் கொஞ்சம் சாத்துங்க. வெளிய ஒருத்தி ஒக்காந்திருக்கா பாருங்க, ஆரஞ்சு சேல, வாயில கர்சீப்பு. அவ காதுல விழப்படாது. நான் இங்க வாரத எப்படியோ மோப்பம் புடிச்சு பின்னாலயே வந்திருக்கா. யாருன்னு பொறவு சொல்லுதேன்.

சாத்தியாச்சா? சரி.

நீங்க கட்டிக் குடுத்த பல்செட்டு இருக்குல்லா, அதுல முன்னுக்கு உள்ள ரெண்டு பல்ல லேசா ராவித் தரணும். கிர்ருன்னு சத்தம் போடுமே ஒரு மெசினு, அத வெச்சு நுனிய மட்டும் சொரசொரப்பா ஆக்கிக் குடுங்க. ஞாயித்துக்கிழம நாலு மணிக்குள்ள வேணும்.

சிரிக்காதிய. ஒரு பொம்பளப்புள்ள கல்யாணம் இந்த ரெண்டு பல்லுலதான் தொங்குது.

ஒங்க சீட்டுல என் பேரு எமரென்சின்னு எழுதியிருப்பிய. அந்தப் பேரச் சொல்லி எங்க தெருவுல கேட்டா ஒரு நாய் கூட வழி காட்டாது. முத்துப்பல்லுன்னு கேளுங்க, வீட்டுக்குள்ள கொண்டாந்து விட்டுட்டுப் போவாவ. கருவாடு யாவாரம் முப்பது வருசமா பண்ணுதேன், ஆனா கருவாட்டுக்காரின்னு ஒருத்தரும் சொல்லமாட்டாவ. முத்துப்பல்லுதான். அழகான பல்லுன்னு நெனச்சிராதிய. வெத்தல போட்டுப் போட்டு கருப்பட்டி நெறத்துல இருந்துச்சு, நீங்கதான் பாத்தியளே. அது வேற கதை.

எனக்கு இருவத்திரெண்டு வயசு இருக்கும். ஒருத்தன் சைக்கிள்ல வந்தான், ஐதராபாத் முத்துன்னு. தூத்துக்குடியில வந்து முத்து விக்கான், அவன் தைரியத்தப் பாருங்க. தெருப்பொம்பளைய எல்லாம் ஈ மாதிரி மொய்ச்சுட்டாவ. நானும் ஒரு மால எடுத்து சும்மா கடிச்சேன். ஏன் கடிச்சேன்னு கேட்டா எனக்கே தெரியாது. கைக்கு வந்தா வாய்க்குக் கொண்டு போற பழக்கம். கடிச்சா, பல்லுல வெள்ள பெயிண்டு ஒட்டியிருக்கு! "ஏளா, முத்துக்கு சுண்ணாம்பு அடிச்சிருக்கான்"னு நான் ஈன்னு காட்டுனதும் அவன் சைக்கிள விட்டுட்டு ஓடுனான். சைக்கிளு கொஞ்ச நாளு எங்க அப்பாதான் ஓட்டுனாவ.

அன்னைக்குப் புடிச்சது. எவ முத்து வாங்கப் போனாலும், ஏ முத்துப்பல்லு வா, ஒரு கடி கடிச்சுச் சொல்லுன்னு கூட்டிட்டுப் போயிருவாளுவ.

ஒங்க ஊரு கோயமுத்தூரு பக்கம்லா, ஒங்களுக்குத் தெரியாது. நல்ல முத்த முன்பல்லு நுனியில வெச்சு லேசா இழுக்கணும். நறநறன்னு இருக்கும், குருமணல்ல பல்லு வெளக்குனா இருக்குமே, அப்படி. பொய் முத்து வழவழன்னு ஓடும். அவ்வளவுதான் சூட்சுமம். காசு ஒண்ணும் வாங்க மாட்டேன். வாரப்ப ஒரு ரோஸ்மில்க்கு வாங்கிக் குடுப்பாளுவ. சில பேரு அதுவும் வாங்கித் தரமாட்டாளுவ. ஒரு விசயம் சொல்லுதேன், ரோஸ்மில்க்கு வாங்கித் தராத வீட்டு முத்து இதுவர ஒண்ணுகூட எனக்கு நறநறன்னு இருந்ததில்ல. அது என்ன மாயமோ தெரியல.

இப்படி ராணி மாதிரி இருந்தவதான். ஈறு வீங்கி, பல்லு ஆடி, ஒங்ககிட்ட வந்து படுத்தேன். நாரோயில்ல சொந்தக்காரி வீட்டுக்குப் போறேன்னு தெருவுல சொல்லிட்டு வந்து படுத்தேன். பொறவு சளின்னு சொல்லி மூணு வாரம் மாஸ்க்கு. ஒரு ஈ காக்காக்குத் தெரியாது. பாவசங்கீர்த்தனத்துல சாமியார்கிட்ட கூடச் சொல்லல. பல்லு கட்டுறது பாவத்துல சேராதுல்லா.

நீங்க வெள்ள வெளேர்னு ஒண்ணு கொண்டாந்து காட்டுனிய, ஞாபகம் இருக்கா? நான் வேண்டாம்னேன். மஞ்சளா வேணும், ஓரத்துல கற வேணும், எடது பக்கம் ஒரு பல்லு கோணலா வேணும்னேன். நீங்ககூட, "எல்லாரும் அழகா கேப்பாங்க, நீங்க ஏன்மா அசிங்கமா கேக்குறீங்க"ன்னு கேட்டிய. இப்பப் பாருங்க. கூடப்பொறந்த தம்பி எதுக்க ஒக்காந்து பேசுதான், அவனுக்கே தெரியல. கோணப் பல்லத்தான் எல்லாரும் பாக்குறாவ. அது அதேதான்னு நெனச்சுட்டுப் போயிருதாவ.

தம்பி ராயப்பன், அவனுக்கு ஒத்தப் பொண்ணு, ஜெனோவா. நான் தூக்கி வளத்த புள்ள. அவளுக்கு மொத பல்லு விழுந்தப்ப சாணியில பொதிஞ்சு கூரையில எறிஞ்சது இந்தக் கைதான். அவளுக்கு மாப்பிள்ள அமைஞ்சுது. கப்பல்ல வேல, நல்ல பையன், பேசவே மாட்டான். பேச்செல்லாம் அவிய அம்மாதான். மெட்டில்டா. அந்த ஆரஞ்சு சேல.

ஆமா, அவளேதான். எட்டிப் பாக்காதிய, திரும்பிப் பாத்துருவா.

நிச்சயம் தம்பி வீட்டுல வெச்சு. பல்லு கட்டி பன்னண்டு நாளு. நான் மாஸ்க்க எடுத்துட்டு மொத மொதலா நாலு பேரு முன்னால வாரேன். மெட்டில்டா கார்ல இருந்து எறங்கிச் சிரிச்சா பாருங்க. டாக்டரம்மா, பல்லுன்னா அதுதான் பல்லு. முத்து கோத்தது மாதிரி. எல்லாம் ஒரே அளவு, ஒரே நெறம், ஒரு சொத்த கெடையாது, ஒரு எடவெளி கெடையாது. என் வயசுதான் அவளுக்கும். எனக்கு வயித்தெரிச்சல் தாங்கல. இந்தப் பல்லால சோறு திங்கியளா, இல்ல அழகு பாத்துட்டு வெச்சிருவியளான்னு கேட்டேன். அவளுக்குச் சிரிப்பு பாதியில நின்னுபோச்சு. ஏன்னு தெரியல. புகழ்ந்துதான சொன்னேன்.

அவிய வீட்டு வழக்கம், நிச்சயத்தன்னைக்கு மாமியா மருமவளுக்கு முத்துமால போடணும். அவ மாமியா கொழும்புல இருந்து கொண்டாந்த மாலயாம். மூணு சரம். பொட்டியத் தொறந்ததும் பொம்பளைய எல்லாம் ஒரு மூச்சு உள்ள இழுத்தாவ. அப்பதான் கூட்டத்துல எவளோ, "ஏ முத்துப்பல்லு, ஒரு கடி!"ன்னுட்டா. எல்லாரும் சிரிச்சாவ. மெட்டில்டாவும் சிரிச்சு, நீட்டுனா.

கடிச்சேன்.

வழவழன்னு ஓடுது.

வேற முத்தக் கடிச்சேன். வழவழ. நடுச்சரத்துல பெரிய முத்து. வழவழ. ஜெனோவா மொகத்தப் பாத்தேன், புள்ள பட்டுச்சேலையில ஜோரா நிக்கா. எனக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்ல டாக்டரம்மா. பல்லு என்ன சொல்லுதோ அதச் சொல்லிருவேன்.

"பிளாஸ்டிக்கு"ன்னேன்.

நூறு பேரு இருந்தாவ அந்த வீட்டுல. கப்பு ஐஸ்கிரீமு எல்லாம் கையில உருகுது, ஒருத்தரும் திங்கல.

மெட்டில்டா சொன்னா, "கொழும்பு முத்தும்மா இது."

நான் சொன்னேன், "கொழும்புலயும் பிளாஸ்டிக்கு உண்டும்மா."

"என்ன பேச்சுப் பேசுதிய?"

"சந்தேகம்னா நீங்களே ஒரு கடி கடிச்சுப் பாருங்களேன். பல்லுதான் இம்புட்டு அழகா இருக்கே."

அவ மொகம் வெளுத்துப் போச்சு. மாலய வாங்கிப் பொட்டியில வெச்சா. "எங்க குடும்பத்துல முத்தக் கழுத்துலதான் போடுவோம், வாயில போடமாட்டோம்"னா. மாப்பிள்ள வீட்டாளுவ எல்லாம் கெளம்பிப் போயிட்டாவ. எனக்கு அப்பவே முடிவாயிருச்சு. உண்மையான முத்துன்னா டக்குன்னு கடிச்சுக் காட்டியிருக்க மாட்டாளா? ஏன் கடிக்கல? குத்தமுள்ள நெஞ்சு.

தம்பி என்னையப் புடிச்சுக் காட்டுக் கத்தாக் கத்துனான். மறுநாளு அவனே நடுவுல நின்னு, ரெண்டு பக்கமும் நகைக்கடைக்குப் போயி பாத்துருவோம்னு ஏற்பாடு பண்ணுனான். கடையில ஒரு பையன், கண்ணாடி போட்ட பையன், முத்துத் தரம் பாக்குறதுக்குன்னே இருக்கான். நான் மெனக்கெட்டு முன்னால போயி ஒக்காந்தேன். ஒரு தொழில் பண்ணுதவ இன்னொரு தொழில்காரன் எப்படிப் பண்ணுதான்னு பாக்கணும்லா.

மொதல்ல வெள்ளத் துணிய விரிச்சு மாலயப் போட்டான். "உத்துப் பாருங்கம்மா, முத்துக்குள்ள ட்யூப்லைட்டு தெரியுதா?"ன்னான். தெரிஞ்சுது. "விளிம்பு கூராத் தெரியுதா, கலங்கித் தெரியுதா?" கூராத்தான் தெரிஞ்சுது. "அந்தப் பளபளப்புக்குத்தான் மொத மார்க்கு. கலங்கித் தெரிஞ்சா தரம் கொறஞ்சது. சுண்ணாம்புக்கட்டி மாதிரி வெளுத்துக் கெடந்தா அடித்தரம்"னான். எங்க வீட்டு ட்யூப்லைட்டு சோத்துச்சட்டியிலயும்தான் தெரியுது. சட்டியக் கழுத்துல போட முடியுமா?

பொறவு சரத்த துணி மேல உருட்டுனான். நல்ல உருண்டைன்னா நேரா ஓடுமாம், கோணல்னா தள்ளாடுமாம். ரெண்டு மூணு தள்ளாடுச்சு. பொறவு ஒரு லென்சக் கண்ணுல சொருகிக்கிட்டு ஒவ்வொரு முத்துத் தொளையா எட்டிப் பாக்கான். சாவித் தொவாரத்துல பாக்குற மாதிரி. பெயிண்டு அடிச்ச முத்துன்னா தொளையச் சுத்திப் பொரிஞ்சு நிக்குமாம். இதுல பொரியல. பொறவு பக்கத்துப் பக்கத்து முத்து நெறம் ஒத்துப் போவுதான்னு பாத்தான். ஒண்ணுல லேசா ரோசு அடிக்கி, ஒண்ணுல லேசா மஞ்ச. "இதுல சின்னக் குழி. இதுல ஒரு கோடு. இதுல ரெண்டு புள்ளி"ன்னு எழுதிக்கிட்டே போறான்.

நான் விடுவேனா? "பாத்தியா ராயப்பா, எத்தன குறை! நான் சொன்னேன்லா"ன்னேன்.

அந்தப் பையன் நிமிந்து பாத்துச் சொன்னான். "குறை இருந்தாத்தான் நம்பலாம்மா. கடல்ல வெளஞ்சது அப்படித்தான் இருக்கும். எல்லாம் ஒரே அளவு, ஒரே நெறம், ஒரு புள்ளி குறை இல்லன்னு ஒருத்தர் கொண்டாந்தா, அங்கதான் சந்தேகப்படணும்."

எப்படிப் பேச்சு பாருங்க. குறை இருந்தா நல்லதாம், இல்லன்னா கெட்டதாம். இவனுக்குச் சம்பளம் வேற.

கடைசியில எழுந்து, "உண்மையான முத்துதான். ரெண்டாந்தரத்துல மேல்தரம்"னான். மெட்டில்டா மூஞ்சியப் பாக்கணுமே அப்ப. நான் பிளாஸ்டிக்குன்னப்பகூட அப்படிப் போவல, இவன் ரெண்டாந்தரம்னதும் போன போக்கு!

நான் கேட்டேன், "தம்பி, எல்லாம் பாத்த. கடிச்சுப் பாத்தியா?"

"கடிக்கக் கூடாதும்மா, கீறல் விழுந்துரும். தவிர பல்லு நெசமா பொய்யான்னுதான் சொல்லும். நல்லதா சுமாரான்னு பல்லுக்குத் தெரியாது. அதுக்குக் கண்ணு வேணும்."

ராயப்பன் அந்த எடத்துலயே மன்னிப்புக் கேட்டான். மெட்டில்டா சும்மா விடல. "நூறு பேருக்கு முன்னால பிளாஸ்டிக்குன்னு சொன்னாவ. அதே நூறு பேருக்கு முன்னால, அதே முத்த, அதே பல்லால கடிச்சு, உண்மைன்னு இவியளே சொல்லணும். ஞாயித்துக்கிழம நாலு மணி. இல்லன்னா சம்பந்தம் கெடையாது"ன்னுட்டுப் போயிட்டா.

அதே பல்லால. கேட்டியளா?

ஜெனோவா ஒன்பது நாளா என்கிட்டப் பேசாம இருந்தா. நேத்து போன் போட்டா. "அத்த, ஒனக்குப் பல்லு பெருசா, நான் பெருசா?"ன்னு கேட்டா. பட்டுன்னு பதில் சொல்லுத கேள்வியா அது? யோசிச்சுச் சொல்லுதேன்னேன். போன வெச்சுட்டா. புள்ள அழுதுச்சுன்னு நெனைக்கேன். ராத்திரி எனக்குச் சோறு எறங்கல. கருவாடுகூட எறங்கல, பாத்துக்கிடுங்க.

என்ன சொல்லுதிய? கட்டுன பல்லுக்கு நரம்பு கெடையாதா? அப்ப எதக் கடிச்சாலும் ஒரே மாதிரிதான் இருக்குமா?

அப்ப உண்மையான முத்தும் வழவழன்னுதான்...

ம்.

இத நீங்க போன மாசம் சொல்லியிருக்கணும். சூடாத் திங்காதிய, கடலமிட்டாயி கடிக்காதிய, ராத்திரி கழத்தி நீங்க குடுத்த நீல டப்பாவுல தண்ணியில போடுங்கன்னு எல்லாம் சொன்னிய. முத்தக் கடிக்காதியன்னு ஒரு வார்த்த சொன்னியளா? ஒங்க மேல கேசு போடலாம். போடமாட்டேன், நல்ல டாக்டரு நீங்க.

பல்லு கட்டுனதச் சொல்லிர வேண்டியதுதானேன்னா? சொல்லலாம். சொல்லிட்டு நான் யாரு? முத்துப்பல்லுக்குப் பல்லே இல்லன்னு அந்தத் தெருவுல ஒரு வார்த்த விழுந்துச்சுன்னா, சாவுற வரைக்கும் பொக்கப்பல்லுன்னுதான் கூப்பிடுவாளுவ. எங்க ஆளுவளப் பத்தி ஒங்களுக்குத் தெரியாது. செத்த பொறவு கல்லறைக் கல்லுலயும் வெட்டிருவாவ. வழவழன்னு இருக்கறத நறநறன்னு பொய் சொல்லவும் எனக்கு வராது. அதான் ராவச் சொல்லுதேன். பல்லு சொரசொரன்னு இருந்தா, முத்து எதுவா இருந்தாலும் நறநறன்னு இருக்கும். நானும் உண்மையச் சொன்ன மாதிரி ஆச்சு, புள்ளையும் கர சேந்துரும். எல்லாம் யோசிச்சுத்தான் வந்திருக்கேன்.

மெசின எடுங்க. இந்தா, கழத்தித் தாரேன்.

இரிங்க. வெளிய நர்சுப்புள்ள என்ன கூப்பிடுது?

"மெட்டில்டா அம்மா, மேல்செட்டு லூசுன்னு வந்தவங்க, அடுத்து நீங்கதான்"னா சொல்லுச்சு?

என்ன செட்டு?

யாருக்கு லூசு?

நீங்க ஏன் மேல பாக்கிய? ஃபேன் நல்லாத்தான சுத்துது. சரி, நீங்க சொல்லமாட்டிய. ஒருத்தர் வாயி கதைய இன்னொருத்தர்கிட்ட சொல்லப்படாது, அது தொழில் தர்மம், எனக்குந் தெரியும். என் கதையையும் அப்படியே வெச்சுக்கிடுங்க.

எல்லாம் ஒரே அளவு. ஒரே நெறம். ஒரு புள்ளி குறை கெடையாது. அடப் போங்க டாக்டரம்மா, அந்தக் கண்ணாடிப் பையன் எவ்வளவு படிச்சுப் படிச்சுச் சொன்னான்! அவ கார்ல இருந்து எறங்குனப்பவே சந்தேகப்பட்டிருக்கணும். கடிச்சுக் காட்டுங்கன்னதும் ஏன் வெளுத்தான்னு இப்பல்லா தெரியுது. பாவம், முத்தோட சேந்து செட்டும் வந்துருமோன்னு பயந்திருக்கா. நான் குறை வெச்சுக் கேட்டு வாங்குனேன் பாத்தியளா, அதான் என்னத எவளும் கண்டுபிடிக்கல. ஆனா ஒண்ணு, ரெண்டும் ஒங்க கைதானா? ஒங்க கைக்கு மோதிரம் போடணும்.

கதவத் தொறங்க. நான் கூப்பிடுதேன்.

சம்மந்தியம்மா! உள்ள வாங்க. நான்தான், எமரென்சி. வாங்க, வாங்க, பயப்படாதிய. கர்சீப்ப எடுக்காண்டாம், அப்படியே பேசுங்க. ஈறு வீக்கமா? எனக்கும் ஈறுதான். இந்த வயசுல ஈறு படுத்துற பாடு. பல்லு ஒண்ணும் இல்ல, பல்லு கல்லு மாதிரி இருக்கு, ஈறுதான். ஒங்களுக்கும் அப்படித்தானா? அதான.

கையில நீல டப்பா அழகா இருக்கே. எங்கிட்டயும் இதே மாதிரி ஒண்ணு இருக்கு. நான் பாக்கு போட்டு வெச்சிருக்கேன். நீங்க? ஏலக்காயா? நல்லது, வாயி மணக்கும்.

ஞாயித்துக்கிழம நாலு மணிக்கு மறக்காம வந்துருங்க சம்மந்தி. மாலயக் கொண்டாங்க. ஐஸ்கிரீமு இந்தத் தடவ கப்பு வேண்டாம், குச்சி சொல்லிருதேன். குச்சி கடிக்க முடியாதா? சரி, ஈறு இருக்குல்லா. கப்பே இருக்கட்டும். எனக்கும் கப்புதான் வசதி.

நீங்க ஒக்காருங்க, நான் எந்திரிச்சுட்டேன். நாற்காலி சூடா இருக்கும்.

டாக்டரம்மா, அந்த மெசின உள்ள வையிங்க. ராவ வேண்டாம். ஞாயித்துக்கிழம அது தன்னால நறநறன்னு இருக்கும்.